மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் மகளுக்கு

கூட்டத்துக்குத் தலைமையேற்று, கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே! பிள்ளைகளின் எதிர்காலத்தை நெஞ்சில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று விழித்துக்கொண்டிருக்கும் இளையவர்களே! முன்பணம் வாங்கிவிட்டதால் முகம் மலர்ந்து நிற்கும் ஒலிபெருக்கி அண்ணனே! மூன்றாம் வரிசையில் என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் மகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'எழுத்து: ஏற்றம் தரும் தொழில்!' எவ்வளவு பெரிய எழுத்து! எவ்வளவு பெரிய பொய்! தலைவர் நெளிகிறார். நெளியாதீர்கள் ஐயா. பதாகை அடித்தவருக்குக் கொடுத்தீர்கள், நாற்காலிக்குக் கொடுத்தீர்கள், தேநீருக்கும் கொடுத்தீர்கள். என்னிடம் மட்டும் தொலைபேசியில் என்ன சொன்னீர்கள்? "நீங்க நம்ம ஆளும்மா, உங்ககிட்டப் போய் பணம் பேசறதா?" மேடையேறுமுன் ஒலிபெருக்கி அண்ணனைக் கேட்டேன், "அண்ணே, காசு வந்திருச்சா?" "முன்பணம் வராம ஒயரைக்கூடப் பிரிக்கமாட்டேம்மா" என்றார். பிழைக்கத் தெரிந்தவர். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சிரித்தது போதும். நான் சிரிக்க வைக்க வரவில்லை. என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மாதம் பிறந்தால் சம்பளம். இன்று காலை பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு சொல்கிறாள்: "அம்மா, நாளையிலேருந்து வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். முழுநேரமா எழுதப் போறேன். நீ மேடையில என்ன சொல்றேன்னு கேட்டுட்டு முடிவு பண்றேன்." சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள். ஆகவே அவையோரே, மன்னியுங்கள். இது உங்களுக்கான உரையே அல்ல.

மகளே, உன்னை வளர்த்தது எது? என் எழுத்தா? உன் அப்பா குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். அவர் கை கழுவுவதற்குள் கூலியை எடுத்து நீட்டுகிறார்கள். அவரிடம் ஒருவராவது, "சும்மா கேஸ் நிரப்பிக் குடுங்க, உங்க பேர் நாலு பேருக்குத் தெரியும்ல" என்று சொன்னதுண்டா? என்னிடம் சொல்லாதவர் உண்டா? ஏழு ஆண்டு எழுதினேன் ஒரு நாவல். உறக்கத்தை உருக்கி எழுதினேன், உயிரைப் பிழிந்து எழுதினேன். பதிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். "உங்க நாவல் கிடங்குல பத்திரமா இருக்கு மேடம்" என்றார். "எத்தனை இருக்கு சார்?" என்றேன். "அச்சடிச்சது அத்தனையும்" என்றார். அந்த மனிதர் குரலில் பெருமைகூடத் தெரிந்தது!

அப்படியானால் என் எழுத்தை யாருமே படிக்கவில்லையா? படிக்கிறார்கள், நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். மாடிக் கட்டடங்களின் லிப்டுக்குள், அது பாதியில் நின்றுபோனால் படிக்க ஒரு பலகை இருக்கிறதே, 'பதற்றப்படாதீர்கள். கதவை வலிந்து திறக்காதீர்கள். உள்ளே போதுமான காற்று உண்டு. உதவி வந்துகொண்டிருக்கிறது.' அது அடியேன் எழுதியது. அந்த நிறுவனம் சொன்ன தேதியில் பணம் தந்தது. பதாகையில் சொன்ன ஏற்றம் அதுதான் போலும். நாள் முழுக்க ஏறி இறங்குகிறேன்.

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார், "அப்புறம் ஏன்க்கா இன்னும் எழுதுறீங்க?" நல்லாக் கேட்டீங்க தம்பி! ஒரு வருடம் விட்டுப் பார்த்தேன். வீட்டில் நிற்பவர் மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், "அம்மா தாயே, எழுதித் தொலை!" இது தொழில் இல்லை, தம்பி. தொழில் என்றால் விடுப்பு எடுக்க முடியும்.

எழுதும்போது யார் கூப்பிட்டாலும் நான் நிமிரமாட்டேன். இடக்கையை மட்டும் உயர்த்துவேன். இரு, இந்த வரி முடியட்டும் என்று அர்த்தம். பள்ளியிலிருந்து பசியோடு வந்த பிள்ளை அந்தக் கையைப் பார்த்தே வளர்ந்தாள். அந்த வரிகள்தான் இப்போது கிடங்கில் இருக்கின்றன.

இன்று அவள் குளிக்கப் போனபோது, மேசையில் கிடந்த அவள் கதையை எடுத்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் எடுத்தேன், மறைப்பானேன்? நாலு குறை கிடைத்தால் மேடையில் போட்டு உடைத்து, வேலையைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கதையில் ஒரு மனிதர் கடைக்கு வருகிறார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறார். வாசலுக்குப் போய் எதிர்ச் சுவரின் செங்கற்களைப் பார்க்கிறார். தன்னோடு வந்த மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். "இவ்வளவு இளைச்சுட்டியா?" என்கிறார். பிறகு விலை கேட்கிறார். கேட்டுவிட்டு, கழற்றி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறார். கதை அவ்வளவுதான்.

நான் சமையலறையில் நின்றபடியே இரண்டாவது தடவையும் படித்தேன். குறை கிடைக்கவில்லை. அவையோரே, ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை! மோசமாக எழுதியிருந்தால் இன்று நிம்மதியாகப் பேசியிருப்பேன். என் பிள்ளை நன்றாக எழுதுகிறாள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

மகளே, கேட்டுக்கொள். நன்றாக எழுதினால் பணம் வருமா? வராது. பாராட்டு வருமா? உன் காது கேட்கும் காலத்தில் வராது. அந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? உன் கடைக்குத்தானே வந்தார்? கடையை விட்டுவிட்டு நாலு சுவருக்குள் உட்கார்ந்தால், யார் வருவார் உன்னைத் தேடி? ஊரில் உள்ள லிப்டுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான். ஆனால் உன்னைப் பார்த்து, 'உதவி வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் வரவில்லையடி. நான் இத்தனை காலமாக உள்ளேதான் நிற்கிறேன்.

ஏன் தலை குனிந்திருக்கிறாய்? அழுகிறாயா? பக்கத்தில் இருக்கும் அம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், என் பிள்ளை அழுகிறாளா? என்னது? அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதுகிறாளா?

இந்தா, இங்கே பார். இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். நாளைக்குக் கடைக்குப் போவியா, மாட்டியா?

பார்த்தீர்களா, அவையோரே? நிமிரவில்லை. இடக்கையை மட்டும் உயர்த்துகிறாள்.

தலைவர் அவர்களே, பதாகையை இறக்கிவிடுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. அந்த வரி முடியும்வரை அவளை யாரும் கூப்பிட வேண்டாம். வருகிறேன், வணக்கம்.