பதினொன்று பத்துக்குப் போட்ட கோடு

வந்திருந்தவர்கள்: தலைவர் ரெனால்ட், கப்பல் ஏஜென்ட். குர்ஷித், ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர். ராமமூர்த்தி, ரயில் சரக்கு புக்கிங். செயலாளர் மோசஸ், அதாவது நான். வராதவர்: சுந்தரமூர்த்தி, லாரி உரிமையாளர்.

அன்றைக்கு டீயும் வடையும் நான்தான் வாங்கி வைத்தேன். 1999 மே மாதம், நல்ல வெயில். நீங்கள் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

தோல் சரக்கு கன்டெய்னரில் லாரி ஏறி, ரயில் மாறி, கப்பலுக்குப் போவதை ஒழுங்குபடுத்த வைத்த குழு எங்களுடையது. எந்தத் தீர்மானத்துக்கும் உறுப்பினர் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். கூட்டம் பதினொரு மணிக்கு. பதினொன்று பத்துக்கு, பதிவேட்டில் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போடுவேன். அதற்குப் பின் வந்தவர் வராதவர். தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் அந்த நிமிஷமே இடம் போய்விடும். விதிகளை எழுதியவன் நான். நைட் ஷிஃப்ட் வேலையால் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஆனால் நான் எழுதியதில் யாரும் ஒரு வார்த்தையைத் திருத்தவில்லை.

எல்லாச் சரக்கையும் ரயிலுக்கு மாற்றும் தீர்மானத்தை சுந்தரமூர்த்தி ஒருவரே ஒன்றரை வருஷம் தடுத்தார்.

"என் டிரைவருங்க இருபத்திரண்டு பேரு இன்னா பண்ணுவாங்க? நீ சோறு போடுவியா?"

"உன் லாரி மெட்ராஸ் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் ஜெர்மனி போய்ட்டுத் திரும்பிடுதுப்பா" என்றார் குர்ஷித்.

"உன் தோலு நாத்தம் தாங்காம கப்பலு அப்படி ஓடுது பாய்."

எல்லோரும் சிரித்தோம். தீர்மானம் அப்படியே கிடந்தது.

மார்ச் கூட்டத்துக்கு, மகள் கல்யாணம் என்று அவர் வரவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை. ஏப்ரல் கூட்டத்தன்று காலை, விரிஞ்சிபுரம் அருகே அவர் ஸ்கூட்டரை ஜீப்பால் இடித்தேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனேன். "எவன்னே தெரியலப்பா மோசஸ்" என்றார்.

மே மாதம் ஊன்றுகோலுடன் பத்தரைக்கே, கூட்டம் நடக்கும் கன்டெய்னர் யார்டுக்கு வந்துவிட்டார். வேறு யாரும் வந்திருக்கவில்லை. "உங்க லாரியில வந்த கன்டெய்னர்ல பலகை உடைஞ்சிருக்கு, பாருங்கண்ணே" என்று கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனேன். போலீஸ்காரர்கள் நீங்கள் மூன்று நாள் கழித்துத் திறந்த அதே கன்டெய்னர். உள்ளே போனதும் ஊன்றுகோலைப் பிடுங்கி, கட்டுப் போட்ட காலில் இரண்டு முறை அடித்தேன். வாயில் ஒரு முறை. பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

கோடு போட்டேன். அவர் இடம் போனது. மீதி நாலு பேரும் சம்மதித்தோம், தீர்மானம் நிறைவேறியது. இடம் இழந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மூன்று பேரும் சுந்தரமூர்த்தியைப் பற்றி நல்லதாகவே, நீளமாகப் பேசினார்கள். குறிப்பெழுதுபவர் நடுவில் எழுந்து போகக் கூடாது. நான் போகவில்லை.

எல்லோரும் கிளம்பிய பின் கன்டெய்னரைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. அவர் தவழ்ந்து வாசலுக்கு வந்தார்.

"மணி இன்னா?"

"ரெண்டாகப் போவுது. கூட்டம் முடிஞ்சிடுச்சுண்ணே."

"நான் பத்தரைக்கே வந்துட்டேன்டா. வந்தேன்னு எழுது."

வெளியே விட்டிருந்தால் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். குறிப்பில் நாலு பேர் கையெழுத்து இருந்தது. அவர் வந்தார் என்றால் அது பொய்க் குறிப்பாகிவிடும். நான் ஒருநாளும் பொய் எழுதியவன் இல்லை. கதவு விளிம்பைப் பிடித்திருந்த விரல்களை, நொறுங்கும்வரை அடித்து உள்ளே தள்ளினேன். கதவைச் சாத்தி, கம்பிகளை இறக்கி, பூட்டினேன்.