தொரை தூங்கறான்

— மெதுவாப்பா, மெதுவா. தொரை முழிச்சுக்கப் போறான்.

— மெதுவாத்தானே பேசறேன். பஸ்ஸு முழுக்கக் கேக்கற மாதிரி முப்பது வருஷம் கத்தின கண்டக்டர், இந்த நாய்க்காக எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு பேசறேன். தொரைன்னு பேரு வச்சதுதான் தப்பு. நம்மளை வேலை வாங்கறான். நீ அந்தக் கூடையை முதல்ல வெளிய வை.

— கூடை அவனுக்குத்தான். நாளைக்கு நாங்க ஊர் மாறிப் போறோம்பா. என் வீட்டுக்காரருக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. தொரையும் எங்ககூட வர்றான்.

— ரைட்டு. யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?

— யாரைக் கேக்கணும்? இதயம் வீங்கிப்போன நாய்ப்பா. சாயங்கால மாத்திரை உள்ள போகலேன்னா மூச்சு முட்டிச் செத்துருவான். நீங்க கொடுத்தா துப்பறான், என் கையாலதான் முழுங்கறான். அதுக்காகத்தானே கல்யாணம் ஆன இந்த ரெண்டு வருஷமா, வேலை பாக்கற கண்ணாடிக் கடையைச் சாத்தின கையோட இங்க ஓடி வர்றேன்?

— ஓடி வர்றே. உக்காராம, ஒரு வாய் தண்ணி குடிக்காம, வந்த வழியே ஓடிடறே.

— இந்த வீட்டுத் தண்ணியா? தெருவே வேடிக்கை பாக்க, 'அவனைக் கட்டிக்கிட்டா இந்த வாசப்படியை மிதிக்காதே'ன்னது யாரு? நான் மிதிக்கறது தொரைக்காக. உங்களுக்காக இல்ல.

— அது கோவத்துல சொன்னது.

— கல்யாணத்துக்கு வராம இருந்ததும் கோவத்துலதானா?

— பழசைக் கிளறாதே.

— கிளறினா என்ன? தினம் வெளிய வண்டிகிட்டயே நிக்கறாரு, மழையிலகூட. ஒரு தடவையாவது 'உள்ள வா'ன்னு அவரைக் கூப்பிட்டிருப்பீங்களா?

— அவன் பேச்சை எடுக்காதே!

— கத்தாதீங்க!

— யாரு கத்தறா? என் வீட்டுல நான்…

— அப்பா, அங்க பாருங்க. எழுந்துட்டான். இருமறான்.

— ஐயய்யோ. டேய் தொரை, ஒண்ணுமில்லடா. சும்மா பேசிக்கிட்டிருந்தோம்டா.

— தூக்காதீங்க! அப்படியே நிக்கட்டும். ஜன்னலைத் திறங்க. நாக்கு நீலமாகுதான்னு பாருங்க.

— எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீ பாரும்மா. நீ பாரேன்!

— இல்ல, சிவப்பாத்தான் இருக்கு. முதுகைத் தடவிக் கொடுங்க. மெதுவா. நெஞ்சுல கை வச்சுப் பாருங்க.

— படபடன்னு அடிக்குது. எனக்கும்தான்.

— அப்படியே தடவிக்கிட்டே இருங்க.

— படுடா தொரை, படு.

— படுத்துட்டான். மூச்சு சீராயிருச்சு.

— என்னாலதான். எவ்வளவோ தடவை டாக்டர் சொல்லியாச்சு, சத்தம் ஆகாதுன்னு. என் வாய்க்கு ஆண்டவன் ஒரு மூடி போட்டு அனுப்பியிருக்கணும்.

— பாத்தீங்கல்ல? இவனை இப்படி விட்டுட்டு நான் எப்படிப்பா நிம்மதியா இருப்பேன்? கூடையை இப்படிக் கொடுங்க.

— வேணாம்மா. அவ்வளவு தூரம் வண்டியில தாங்கமாட்டான். புது இடம், புது வாசனை. ராத்திரி பூரா என்னைத் தேடுவான். இங்கயே இருக்கட்டும்.

— இவனை அலைக்கழிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? மாத்திரையை யாரு கொடுப்பா? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, விட்டுட்டுப் போறேன்.

— நான் பாத்துக்கறேன்.

— எப்படி? துப்புவானே! அடுத்த வாரமே ஃபோன் பண்ணி 'போயிட்டான்'னு சொல்லுவீங்க. நான் அங்கிருந்து என்ன பண்ணுவேன்? தரையைப் பாக்காதீங்கப்பா, என்னைப் பாத்துச் சொல்லுங்க. மாத்திரையை யாரு கொடுப்பா?

— கொடுக்க வேண்டியதில்லம்மா. டாக்டர் எப்பவோ மருந்தை மாத்திட்டாரு. இப்ப சிரப்பு. காலையில சாப்பாட்டுல நானே கலந்துடறேன், தட்டு பளபளங்கற வரைக்கும் நக்கிடறான்.

— என்னது? அப்ப நான் தினம் வாயைத் திறந்து போடறது?

— சும்மா சத்து மாத்திரை. டாக்டரைக் கேட்டுத்தான் வாங்கினேன், கெடுதல் ஒண்ணும் இல்ல.

— அடப்பாவி அப்பா! எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?

— உன் கல்யாணம் முடிஞ்ச மறுவாரத்துலேர்ந்து.