ஐலாவின் சிவப்புக் கதவு

விளக்கை அணைத்துவிடுங்கள். அடுப்பு வெளிச்சம் போதும். போர்வையை இழுத்துக்கொண்டு இப்படிக் கிட்ட வாருங்கள், இதை நான் சத்தம் போட்டுச் சொல்லப் போவதில்லை. என்னோடு மர ஆலையில் வேலை பார்த்த டானின் அக்காவுக்கு நடந்தது இது. டான் புளுகுகிறவன் இல்லை. பிடித்த மீனின் நீளத்தைக்கூட ஒரு அங்குலம் குறைத்துத்தான் சொல்வான்.

டிசம்பர் மாதம். மாலை ஐந்து நாற்பது. நம் பக்கத்தில் அந்நேரத்துக்கு இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், உங்களுக்கே தெரியும். ஏரிக்கரை ஊர். உருக்காலை ஓடிய காலத்தில் கம்பெனி கட்டிய தெரு... இந்தப் பக்கம் பத்தொன்பது வீடு, அந்தப் பக்கம் பத்தொன்பது வீடு. எல்லாம் ஒரே அச்சு. ஒரே கூரை, ஒரே படி, ஒரே ஜன்னல். ஆலை மூடியதும் பாதி வீடு காலி. தெரு போய் முடிகிற இடத்தில் ஏரி. அன்றைக்கு வெளியே ஈ காக்கை இல்லை.

பதினோராம் எண் வீட்டுக்குள் டோரீன் மட்டும். தலையணைகளைத் தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

அதுதான் டானின் அக்கா. விற்கப்போகிற வீட்டைச் சிங்காரித்து வைப்பது அவள் தொழில். வாங்க வருகிறவர் உள்ளே கால் வைத்ததும் இது நம் வீடு என்று மனதுக்குள் நினைக்க வேண்டும். அப்படி நினைக்க வைக்க வேண்டுமானால், முதலில் அங்கே வாழ்ந்தவர்களின் அடையாளமே இல்லாமல் துடைக்க வேண்டும். குடும்பப் படங்கள் பெட்டிக்குள் போகும். நிலைப்படியில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள் மேல் பெயின்ட் ஏறும். சுவரெல்லாம் வெளிர் சாம்பல். அவள் கிடங்கிலிருந்து சோபா வரும், கட்டில் வரும், யாரும் படிக்காத புத்தகங்கள் வரும். கண்ணாடிக் கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். ஓவனில் நாலு சொட்டு வெனிலாவைச் சூடாக்கினால், யாரோ இப்போதுதான் கேக் சுட்ட மாதிரி வாசனை. கைகாரி. அவள் தொட்ட வீடு விற்க இரண்டு வாரம் தாண்டாது.

இந்த வீடு லீராய் மட்டிலாவுடையது. எழுபத்து நாலு வயசு, பழைய உருக்காலை ஆள். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். அக்டோபரில் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். மகன் பிரென்ட் இருநூறு மைல் தெற்கே மினியாபோலிஸில் இருக்கிறான். அவன் வந்து, வீட்டை விற்க ஏற்பாடு செய்து, அப்பாவைத் தன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போனான். கிளம்புகிற அன்றைக்கு லீராய் கார்க் கண்ணாடியை இறக்கி டோரீனைக் கூப்பிட்டார்.

"உள்ள என்ன வேணா பண்ணிக்கோம்மா. வாசக் கதவ மட்டும் தொடாத. செவப்பாவே இருக்கட்டும்."

"சரிங்க மிஸ்டர் மட்டிலா."

"எனக்காக இல்ல."

யாருக்காக என்று டோரீன் கேட்கவில்லை. எல்லா வீட்டுக்காரரும் ஏதாவது ஒன்றைத் தொடாதே என்பார்கள். ஒருத்தர் சுவரில் மாட்டிய மான் தலை என்பார், ஒருத்தர் மாமியார் கொடுத்த திரைச்சீலை என்பார். அவள் தலையாட்டுவாள். கார் தெரு திரும்பியதும் கழற்றிவிடுவாள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அதுவும் அந்தக் கதவு... தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு சிவப்பு. வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே மனசு மாறிப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கரிச் சாம்பல் நிறம் அடித்தாள். கதவு கனவான் மாதிரி ஆகிவிட்டது. அதோடு நிற்காமல் அடித்தளத்தில் வரிசையாக இருந்த பழைய சிவப்புப் பெயின்ட் டப்பாக்களையும் குப்பையில் போட்டாள்.

கதவு காய்ந்த அன்றைக்குத்தான் நான் சொல்கிற ஐந்து நாற்பது. உள்ளே சாமான் வந்து இறங்கியதும் அன்றைக்குத்தான்; அதற்கு முன் டோரீன் இருட்டும்வரை அங்கே தங்கியதே இல்லை.

வெளியே பனியில் காலடி. கரக்... கரக்... கரக். சின்னக் கால். அவசரமாக வருகிற கால். படியருகே வந்தது... நின்றது.

வீட்டை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட் யாரையோ அனுப்பியிருக்கிறான் என்று டோரீன் காத்திருந்தாள். மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டவில்லை. அங்கேயே நிற்கிறது. நிலைக் கதவின் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி வாடை... பிள்ளைகளின் கையுறையை அடுப்புப் பக்கத்தில் காயப் போட்டால் வருமே, அது.

பிறகு கரக்... கரக். திரும்பிப் போகிறது. இப்போது அவசரமில்லை.

பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படுவது கேட்டது. மூன்று தட்டு. "யாரு?" என்று பெர்னிஸ் கிழவியின் குரல். கொஞ்ச நேரம் கழித்து அதற்கடுத்த வீடு. மூன்று தட்டு. அது காலி வீடு. அதற்கும் அடுத்த வீடு...

டோரீன் கதவைத் திறந்தாள். தெருவிளக்கடியில் யாரும் இல்லை. புதுப்பனியில் பூட்ஸ் தடம் மட்டும் அவள் படி வரை வந்து, இரண்டு காலும் சேர்ந்து நின்று, திரும்பிப் போயிருந்தது. ஒரு தடம் அவள் கையால் ஒரு சாண்கூட இல்லை.

மறுநாள் பெர்னிஸ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு, எழவு வீட்டுக் கதவு மாதிரி. நேத்து என் வீட்ட யாரோ தட்டினாங்க. திறந்தா ஆளில்ல. வாசல்ல தண்ணி சொட்டிக் கிடக்கு."

சொல்லிவிட்டுக் கிழவி உள்ளே போய்விட்டாள். ஆனால் தினமும் வேலியோரம் வந்து சேதி மட்டும் சொன்னாள். நேற்று பதினேழாம் எண்ணில் தட்டியதாம். முந்தாநாள் எதிர்வரிசையில். தினமும் ஐந்து நாற்பதுக்குப் பிறகுதான். தினமும் இரண்டு மூன்று வீடு தள்ளி... ஏரிப் பக்கமாக.

அந்த வாரக் கடைசியில் லீராய் போன் செய்தார்.

"டோரீன் பொண்ணா? நான்தான் லீராய். ஒண்ணுமில்ல, சும்மாதான். கதவு செவப்பாத்தானே இருக்கு?"

டோரீனுக்கு வாயில் பொய் தயாராக இருந்தது. "செவப்பாத்தான் இருக்கு."

"அப்பாடா," என்றார் கிழவர். அப்புறம், இருபத்தாறு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை அந்தப் பொய்யை நம்பிச் சொன்னார்.

அவருக்கு ஐலா என்று ஒரு மகள். ஆறு வயதில் இரண்டு தடவை வீடு தவறி, அடுத்தவர் வீட்டுக்குள் போய்விட்டாள். எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தால் குழந்தை என்ன செய்யும்? அந்தச் சனிக்கிழமையே லீராய் கதவுக்குச் சிவப்பு அடித்தார். எங்க போனாலும் செவப்புக் கதவப் பாத்து வந்துடு, அதுதான் நம்ம வீடு என்று சொல்லிக் கொடுத்தார். எட்டு வயதில் ஒரு டிசம்பர் மாலை, பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் ஏரியின் பனி உடைந்தது. அடக்கம் முடிந்த நாலாம் நாள், ஐந்து நாற்பதுக்கு, கதவு தானாகத் திறந்தது.

"பூட்ஸ ரெண்டு தட்டு தட்டுவா, பனி உதிர. நேரா மாடிக்கு ஓடுவா, திடுதிடுன்னு. அவ்வளவுதாம்மா. அப்பறம் காலைல வரைக்கும் சத்தம் இருக்காது. தூங்கிருவா. ஒரு நாள் தவறல. நானும் ஒரு ராத்திரி வெளிய தங்கல. பிரென்ட் கல்யாணத்துலகூட பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அவன் இன்னும் அத மறக்கல."

டோரீன் சாம்பல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டி என்ன? அவளுக்கு வீடு இருந்தாப் போதும். வாங்கறவங்க கைல கால்ல விழுந்தாவது சொல்லும்மா, கதவு நிறத்த மாத்தாதீங்கன்னு. அவளுக்கு வேற அடையாளம் தெரியாது."

போனை வைத்துவிட்டு டோரீன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் இல்லை. ஒரு பிள்ளை இருட்டில் வாசல் வாசலாகத் தட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் தான் என்று தெரிந்த அழுகை.

விடிந்ததும் கீல் இடுக்கில் மிச்சமிருந்த சிவப்பைச் சுரண்டி எடுத்துப் பெயின்ட் கடைக்கு ஓடினாள். அந்தக் குளிரில் பெயின்ட் பிடிக்குமா? கதவைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, ஹீட்டர் வைத்து, மூன்று பூச்சு அடித்தாள். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே காத்திருந்தாள். ஐந்து நாற்பது... ஆறு... ஏழு. வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"இனிமே எங்க வரும்?" என்றாள் பெர்னிஸ். "கடேசியா மூணு நாளைக்கு முன்னாடி மீன்காரன் வீட்டத் தட்டுச்சு. அதுக்கப்புறம் வீடு ஏது? ஏரிதான்."

மூன்றாம் நாள் ஐந்தரைக்கே டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். கரையில் நின்றாள். குளிர் ஏறும்போது ஏரிப் பனி ஒரு சத்தம் போடும்... அடிவயிற்றிலிருந்து முனகுகிற மாதிரி. அந்தச் சத்தம் மட்டும் இருந்தது. முன்பின் தெரியாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டாள்.

"ஐலா! கதவு செவப்பாயிடுச்சு கண்ணு. வா, வீட்டுக்குப் போலாம்."

நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். மீன்காரன் வீட்டைத் தாண்டியபோது பின்னால் கரக்... கரக். அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. டோரீன் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று டான் சொன்னான். எனக்கென்னவோ வெட்கம் என்று தோன்றுகிறது.

பதினோராம் எண். சிவப்புக் கதவு. காலடி திடீரென்று வேகம் எடுத்தது. அவளைத் தாண்டி, படியில் ஏறி ஓடியது. கதவு திறந்தது. டொக், டொக்... பூட்ஸைத் தட்டும் சத்தம்.

டோரீனுக்கு உயிர் வந்தது. மாடிப்படிச் சத்தத்துக்காகக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

மாடிப்படியில் யாரும் ஓடவில்லை.

காலடி இரண்டு எட்டு வைத்து நின்றது. பிறகு மெல்ல முன்னறைக்குப் போனது. சமையலறைக்குப் போனது. ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் உருண்டு தரையில் விழுந்தது. மாடிக்கு ஏறியது, ஒவ்வொரு படியாக. மேலே ஒரு கதவு திறந்தது, சாத்தியது. இன்னொரு கதவு. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. பிறகு கீழே இறங்கி வந்தது.

வாசலருகே டோரீன் அழகுக்குப் போட்டிருந்த ஒரு சாம்பல் நிற நாற்காலி. அதன் மெத்தை விளிம்பில் மட்டும் சின்னதாகக் குழிந்தது. கீழே தரையில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அந்நியர் வீட்டில், கோட்டைக் கழற்றாமல், நுனியில் உட்கார்ந்து, கூட்டிப் போக ஆள் வரும் என்று காத்திருக்கிற பிள்ளை.

"இதுதாம்மா உன் வீடு," என்றாள் டோரீன். அவளுக்கே அந்த வார்த்தை பொய்யாகக் கேட்டது. படங்கள் எல்லாம் பிரென்டிடம். கோடுகள் மூன்று பூச்சுப் பெயின்டுக்கு அடியில். வேலையை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

போனை எடுத்து லீராயைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"அவகிட்ட போனக் குடும்மா."

டோரீன் மண்டியிட்டு, நாற்காலிப் பக்கம் போனை நீட்டினாள்.

"ஐலாக்கண்ணு... அப்பா பேசறேன்டா. பயப்படாத, அது நம்ம வீடுதான்."

சொட்டுச் சத்தம் நின்றது. டோரீனின் காதுக்கு ஒரு சாண் தள்ளி, ஜலதோஷம் பிடித்த சின்னக் குரல் கேட்டது.

"இல்லப்பா. இது வேற யார் வீடோ. நீங்க எங்க இருக்கீங்க?"

கிழவர் கனைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏரிப் பக்கம் போகாத. மேட்டுல ஏறு. பெரிய ரோடு வரும். ஏரி எப்பவும் உன் இடது கைப் பக்கம் இருக்கணும்டா. டுலூத்னு ஒரு ஊரு வரும், நிக்காத. அதுக்கப்புறம் நேரா தெக்கால...

பாதியிலேயே மெத்தை நிமிர்ந்துவிட்டது. கதவு திறந்து, பனி உள்ளே வீசியது. டோரீன் போனைக் கீழே இறக்கவில்லை. அவர் கடைசித் திருப்பம் வரை, இல்லத்தின் மூன்றாம் மாடி வரை, அறை எண் வரை சொல்லி முடிக்கட்டும் என்று காலி நாற்காலிக்கு நேராக நீட்டியபடியே இருந்தாள்.

காலையில் டானும் அவளும் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அது ஏரிக்கு இறங்கவில்லை. மேட்டில் ஏறி நெடுஞ்சாலை வரை போயிருந்தது, தெற்குப் பார்த்து. அதற்கு மேல் பனி வாரும் வண்டி வழித்துவிட்டது. ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் இரண்டு காலும் சேர்ந்து நின்ற தடம் இருந்ததாம்... இடது கை எது என்று நின்று பார்த்துக்கொண்ட மாதிரி.