எதிரே பேச ஒரு ஆள்

முக்கூடல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். முப்பது வயதுக்காரன் ஒருவன், பக்கத்தில் அவனுக்குத் தெரிந்த கடைக்காரர்.

"நடிப்பு படிக்க நாலு பொஸ்தகம் வாங்கிட்டேன் அண்ணாச்சி. நாலும் ஒரே இடத்துல வந்து நிக்குது," என்றான் அவன்.

"எங்கன வே?"

"எதிர்ல ஒரு ஆள் பேசணுமாம். அதைக் கேட்டு நாம பதில் சொல்லணுமாம்."

"கண்ணாடிகிட்ட பேசும்."

"அது முதல் பாடம், முடிச்சாச்சு. இப்ப எதிராளி வசனத்தையும் நானே டேப்புல பேசி வச்சு, நடுவுல பதில் சொல்லுதேன். தயங்கினா டேப்பு நிக்க மாட்டேங்கு. திங்கக்கிழமை ஜங்ஷன்ல நாடகத்துக்கு ஆள் எடுக்காங்க. அப்பாவும் மவனும் பேசுத காட்சி. ஞாயித்துக்கிழமை அரைமணி நேரம் வந்து அப்பா வசனத்தை வாசிச்சுக் குடுங்களேன்."

"நான் அப்பனா? விளங்கிரும்!" கடைக்காரர் சிரித்தார். "கடையை யாரு பாப்பா? உம்ம வீட்ல ஆளில்லையா?"

"இல்ல அண்ணாச்சி."

கடைக்காரர் பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். அவன் புத்தகத்தைத் திறந்து உதட்டை அசைத்தான். ஒரு வரி பேசுவான், கொஞ்சம் நிறுத்துவான், அடுத்த வரி பேசுவான்.

எனக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலையும் கிடையாது. முக்கூடல் வரை மண்ணாங்கட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.