அம்மா ஊட்டுக்குப் போன மொதல் கார்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பியது. ஜன்னல் சீட் கிடைக்காத எரிச்சலில் இருந்தேன். முன் சீட்டில் அக்காளும் தங்கச்சியும். பச்சைச் சேலை கட்டியிருந்த தங்கச்சி திடீரென்று கேட்டாள்.

"ஏனுங்க்கா, உலகத்துலயே மொத மொதல்ல தொலைதூரம் போன கார் எங்க போச்சு தெரியுங்களா? அம்மா ஊட்டுக்கு!"

"ஆரோட அம்மா ஊட்டுக்கு?"

"ஜெர்மனில காரைக் கண்டுபுடிச்சவரோட சம்சாரங்க. அவரு செஞ்சு பட்டறையிலயே வெச்சிருந்தாராம். அந்தம்மா, அவரு தூங்கறப்ப ரெண்டு பசங்களையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பிப்போட்டாங்க."

"வழியில நின்னுபோச்சுன்னா?"

"நின்னுச்சுங்க. பெட்ரோல் குழாய் அடைச்சுக்கிச்சு. தொப்பியில இருந்த ஊசியை உருவிக் குத்திவுட்டாங்களாம்."

அக்கா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பை கீழே விழுந்தது. "உங்கூட்டுக் கார் எப்படி கண்ணு இருக்குது?"

"ஈச்சனாரியில பூசை போட்டு எலுமிச்சம்பழத்து மேல ஏத்துனதோட செரி. போர்வை போத்திக்கிட்டு நிக்குது. நான் லைசென்ஸ் எடுத்து ஆறு மாசமாச்சு. 'கீறல் வுழுந்துரும், அம்மா ஊட்டுக்குப் பஸ்லயே போ'ங்கறாரு எங்கூட்டுக்காரரு."

"இப்ப என்ன பண்றாரு?"

"தூங்கறாருங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றாகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஈச்சனாரியில் பஸ் நின்றதும் எழுந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, கிணத்துக்கடவுக்கு டிக்கெட் வாங்கிப்போட்டு இங்கயே எறங்கறீங்க? எதாச்சும் மறந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

தங்கச்சி கொண்டை ஊசி இருக்கிறதா என்று தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஆமாங்க. காரை மறந்துட்டு வந்துட்டனுங்க."