நீலத்துக்கு ஒரு மணி

இந்த வருஷம் ஓசேஜ் ஆற்றில் தண்ணீர் குறைவு, கேப்டன். படகு இரண்டு இடத்தில் தரை தட்டுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் அக்கரைக்கு ஆளேற்றும் படகின் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போயிற்று. உட்கார்ந்தே சொல்கிறேனே.

மிசௌரியில் எங்கள் கரையில் பதினோரு வீடுகள். வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை தொடங்கியதிலிருந்து, வடக்குக்காக உங்கள் யூனியன் படை நீலக் கோட்டில் வரும். தெற்குக்காகக் காட்டில் ஒளிந்திருக்கும் காட்டுக்காரர்கள் பூவேலை செய்த சட்டையில் வருவார்கள். இரண்டு கூட்டமும் வாசலில் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: "நீ யார் பக்கம்?" பதில் பிசகினால் ஆள் காலி. அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். படகில் ஏறுவது நீலக் கோட்டு என்றால் துறை மணியை ஒரு தடவை அடிப்பேன். பூச்சட்டை என்றால் இரண்டு. வீட்டில் இருப்பவர்கள் அதற்கேற்ற பதிலைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருஷத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

லெமுவெல் கெர்சி என் தங்கை தில்டாவின் கணவன். யூனியன் என்றால் உயிரை விடுவான். என் மகன் டோர்சி காட்டில் இருந்தான். நான் யார் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் லெமுவெல் துறைக்கு வந்தான்.

"மச்சான், டோர்சி உங்க சோளக்கொல்லையில வந்து சாப்பிட்டுப் போறது எனக்குத் தெரியும்."

"உங்க மடியில வளந்த பிள்ளை மாப்ளே அவன்."

"அதனாலதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அவனைச் சரணடையச் சொல்லுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை நான் முகாமுக்குப் போயிடுவேன். பக்கத்து வீட்டை எரிச்சவங்களோட சுத்துறான், மச்சான். எனக்கு வேற வழி தெரியல."

சொல்லும்போது அழுதான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் பிடிபட்ட காட்டுக்காரனை நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். டோர்சியிடம் சொன்னேன். சிரித்தான்.

சனிக்கிழமை காலை அவன் கூட்டாளிகள் ஏழு பேர் வந்தார்கள். டோர்சி வரவில்லை, மாமா முகத்தைப் பார்க்க முடியாது என்றானாம். நான் மணியை ஒரு தடவை அடித்தேன்.

லெமுவெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறான். அவர்கள் கேட்பதற்கு முன்பே, "நான் யூனியன் ஆளுங்க, குதிரைய விட்டு இறங்கி வாங்க, மோர் இருக்கு" என்றானாம். படியிலேயே சுட்டார்கள். அதே மணியைக் கேட்டு இன்னும் மூன்று வீடுகளில் அதே பதிலைச் சொல்லிவிட்டார்கள்; அங்கேயும் சுட்டார்கள். அதை நான் யோசிக்கவில்லை. மணி ஊருக்கே பொது அல்லவா.

அடக்கம் முடிந்ததும் தில்டா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எத்தனை தடவை அடிச்ச?"

"ஒண்ணு."

"நீலக் கோட்டப் பாத்து நீயும் ஏமாந்துட்டியேண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் எனக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, "உன் மனசு என்ன பாடுபடும்" என்கிறாள். அதைத் தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

நான் ஏமாறவில்லை, கேப்டன். போன வெள்ளத்தில் கரை ஒதுங்கிய உங்கள் சிப்பாய்களின் கோட்டுகள் ஒன்பது என் கொட்டகையில் கிடந்தன. துவைத்து வைத்திருந்தேன். ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பூச்சட்டை தெரியாமல் கழுத்துவரை பொத்தான் போடச் சொன்னேன். கடைசி ஆள் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே மணிக்கயிற்றைத் தொட்டேன். நீலத்துக்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தப்பாக மணி அடித்ததில்லை. அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.