தம்பி சொன்னதை அண்ணன் சொன்னது

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போகும் காலை பஸ்ஸில் கேட்ட பேச்சு இது. எனக்கு முன்சீட்டில் மீன் விற்கப் போகும் பெண்கள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்த இளையவள் ஆரம்பித்தாள்.

“நேத்து எங்க வூட்டுக்காரரு, என் கொழுந்தனாவே மாறிப் பேசினாருக்கா.”

“அண்ணன் தம்பிக்குள்ளதான் பேச்சே இல்லியே?”

“பேச்சில்லதான். ஆனா முதியோர் படிப்புக்கு ரெண்டு பேரும் வராங்கோ. நேத்து அங்கயே சண்ட வந்துடுச்சு. டீச்சரு எழுந்து, ‘அண்ணே, பதில் அப்புறம் சொல்லுங்க. மொதல்ல தம்பி இன்னா சொல்றாருன்னு நீங்க சொல்லுங்க. அவரு ஆமான்னாதான் மேல பேசணும்’னு சொல்லிச்சு.”

“சொன்னாரா?”

“சொன்னாரு. கொழுந்தன் இல்லன்னான். மறுபடியும் சொன்னாரு. அதுக்கும் இல்லன்னான். மூணாவது தடவ, ‘என் கொழந்த ஜொரத்துல கெடந்துச்சு. சீக்கிரம் வூட்டுக்குத் திரும்பணும்னு அண்ணன் வலை போட வேண்டிய மொறையில நான் போட்டுட்டேன். அண்ணன் இன்னா ஏதுன்னு கேக்காம வலைய அறுத்துடுச்சு. அதானே நீ சொல்றது?’ன்னாரு. கொழுந்தன் ஆமான்னான்.”

மூத்தவள் கூடைப்பக்கம் இருந்த காலை நகர்த்திக்கொண்டாள்.

“அதுக்கு இவரு இன்னா பதில் சொன்னாரு?”

“நேரா வூட்டுக்கு வந்து, வலை பின்ற ஊசியத் தேடி எடுத்தாரு.”

“அப்போ ராசியாயிட்டாங்களா?”

“தெரியலக்கா. நான் கெளம்பறப்போ தம்பி வூட்டு வாசல்ல குந்தி, அவரு அறுத்த வலைய அவரே பின்னிக்கினு இருந்தாரு. கொழுந்தன் பக்கத்துல நின்னு, அந்த வலைக் கண்ணு பெருசாப் போச்சுன்னு சொல்லிக்கினு இருந்தான்.”